அறைக்கு அடியில் ஓடும் குழாய்

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஊரிலிருந்து எல்லோரும் வந்திறங்கியிருக்கும் நேரத்தில் குளியலறைத் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. தாத்தா கட்டிய மேற்கு மாம்பலம் வீட்டைப் பாகம் பிரித்தபோது தெருப்பக்கம் பெரியப்பா பிள்ளைக்கும் கொல்லைப்பக்கம் எங்களுக்கும் வந்தது. சாக்கடைக் குழாய் மட்டும் பொதுவாகவே நின்றுவிட்டது. எங்கள் கழிவு அண்ணன் பகுதியைக் கடந்துதான் தெரு மேன்ஹோலுக்குப் போக வேண்டும். அந்தக் குழாய் ஓடும் பக்கவாட்டுச் சந்தை மூடி அவர் ஓர் அறை எடுத்த பிறகுதான் இந்த அடைப்பு அடிக்கடி வருகிறது.

அக்டோபர் 23, வியாழன்

பிளம்பர் வந்தார். முதலில் தெரு மேன்ஹோலைப் பார்த்தார். அது நிரம்பியிருந்தால் மெட்ரோ வாட்டரின் 1916-க்குச் சொல்லிவிடலாம், அது அவர்கள் வேலை. அங்கே தண்ணீர் தாராளமாக ஓடியது. எங்கள் சேம்பரில், அதாவது குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டியில், விளிம்புவரை நின்றது. ஆக, கோளாறு நடுவில், அந்த அறைக்கு அடியில்.

பழைய ஸ்டோன்வேர் குழாய், சிமெண்ட் வைத்துப் பூசிய இணைப்புகள். நாலங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி சரிவு வேண்டும் என்பது கணக்கு. மேலே சுவர் ஏறியதும் மண் அமுங்கி, குழாய் ஓரிடத்தில் தொய்ந்திருக்கும் என்கிறார். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எண்ணெய்ப் பிசுக்கு படியும். கம்பி விட்டுக் குத்தினால் சில வாரம் ஓடும், மறுபடி படியும். எப்போதாவது ஒருமுறை அடைத்தால் யாரோ எதையோ போட்டுவிட்டார்கள் எனலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைத்தால் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். நடுவில் இருந்த சேம்பரோ இப்போது டைல்ஸுக்குக் கீழே கிடக்கிறது.

அக்டோபர் 25, சனி

அடைப்பு எடுப்பவர் ஒருவர், "மேன்ஹோல்ல ஒரு ஆளை இறக்கினா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும் சார்" என்றார். கூடவே ஒரு பையனையும் அழைத்து வந்திருந்தார். முடியவே முடியாது என்று திருப்பி அனுப்பினேன். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி யாரையும் சாக்கடைக்குள் இறக்கக் கூடாதென்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரரும் இதற்குத் தப்ப முடியாது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டுமென 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியதே தவிர, விஷவாயுச் சாவு நின்றபாடில்லை. சேம்பரை மூடி அறை கட்டினால், கம்பியும் இயந்திரமும் எட்டாத இடத்துக்கு மனிதனைத் தள்ளும் எண்ணம் இப்படித்தான் வருகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

அண்ணனிடம் பேசினேன். "தண்ணி உன் வீட்டுலேருந்து வருது. அப்ப செலவும் உன்னோடதுதானேடா?"

அதில் பாதி நியாயம் உண்டு. வக்கீல்கள் ஈஸ்மென்ட் என்று சொல்லும் வசதியுரிமைக்கு 1882-லேயே சட்டம் இருக்கிறது. கூட்டுச் சொத்து பிரியும்போது, ஒருவர் பாகத்தை அனுபவிக்க மற்றவர் நிலத்தின் வழியாக வடிகால் அவசியமென்றால் அந்த உரிமை தானாகவே வந்துவிடும். அதைப் பராமரிக்கும் செலவு உரிமையை அனுபவிப்பவருடையது என்கிறது 25-ஆம் பிரிவு. அந்த வகையில் நான் தர வேண்டியவன்தான். 27-ஆம் பிரிவு அண்ணனுக்கானது: நிலத்துக்காரர் அந்த உரிமையைக் குறுக்கவோ, பயன்படுத்துவதைச் சிரமமாக்கவோ கூடாது. குழாய்மேல் சுவர் எழுப்பி, சேம்பரை மூடுவது வேறென்ன?

"அண்ணா, சுத்தம் செய்யற செலவு என்னோடது. குழாயை வெளியில எடுத்துப் போடற செலவு உங்களோடது" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அறை இழுத்துக் கட்டப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைக்கால் தோண்டும் முன் சேம்பர் எங்கே இருக்கிறது, யார் வீட்டுக் கழிவெல்லாம் அதில் வருகிறது என்று பாருங்கள். குழாயைத் திறந்த இடத்துக்கு மாற்றிவிட்டுச் சுவர் எழுப்புங்கள். அந்தச் செலவு கட்டுகிறவருடையதுதான்.