எல்லோருக்கும் ஓர் அட்டை



பிப்ரவரி பிறந்ததும் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றிலிருந்து வீட்டுக்கு ஒரு தாள் வரும். வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் அதில் இருக்கும். 14ஆம் தேதி காதலர் தினத்துக்கு அட்டை கொண்டுவருவதானால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும், ஒருவரையும் விடக் கூடாது என்பது விதி. காலி ஷூ பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டி, மூடியில் நீளமாக ஒரு துளை வெட்டி, ஆளுக்கொரு தபால்பெட்டி செய்து மேசைமேல் வைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் அந்த நாள் என்றால் பூங்காவும் ரோஜாவும், அவற்றை எதிர்த்து நடக்கும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். இங்கே அமெரிக்காவில் அது பாதிக்குமேல் ஏழெட்டு வயதுக்காரர்களின் திருநாள். நவம்பர் மாத நன்றி நவிலல் நாளுக்கும் இதே கதைதான்: விரித்த கையைத் தாளில் வரைந்து வான்கோழியாக்கி, ஒவ்வொரு விரலிலும் ஒரு நன்றியை எழுதுவார்கள். இவையெல்லாம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே எதையாவது கற்றுத்தருகின்றனவா, அல்லது பசையும் கத்தரிக்கோலும் வீணாவதுதான் மிச்சமா என்பதே இந்த மடலின் விசாரணை.

பட்டியல் போட்டுக் கொடுப்பது எப்படி அன்பாகும் என்று கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. நேற்றுத் தன்னை அடித்தவனுக்கும் இதயம் வரைந்த அட்டை கொடு என்றால், பிள்ளை கற்றுக்கொள்வது பொய்தானே என்பது அவர்கள் வாதம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த விதி அன்பைக் கற்பிக்க வந்ததல்ல. அவமானத்தைத் தடுக்க வந்தது. 1975 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கார்ட்டூன் ஒன்றில், வரப்போகும் அட்டைகளை அள்ளிப்போக சார்லி பிரவுன் என்ற பையன் ஒரு பெட்டியுடன் பள்ளிக்குப் போகிறான். ஒன்றுகூட வரவில்லை. அதைப் பார்த்த பிள்ளைகள், இல்லாத அந்தப் பையனுக்கு நிஜமான அட்டைகளை அனுப்பிவைத்தார்கள். வெறும் பெட்டியோடு வீடு திரும்புவது என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஓர் அட்டை என்பதைப் பந்தியில் எல்லோருக்கும் இலை போடுவதுபோல எடுத்துக்கொள்ளலாம். இலை போட்டதாலேயே விருந்து முடிந்துவிடுவதில்லை. பள்ளிகளும் பெற்றோரும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

நன்றி சொல்வது முதலில் சடங்காகவே படிகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஜீன் பெர்க்கோ கிளீசன், சாண்ட்ரா வைன்ட்ராப் என்ற இரு ஆய்வாளர்கள், ஹாலோவீன் இரவில் வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் பிள்ளைகளின் பேச்சைப் பதிவுசெய்து 1976இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு வயதுக்குக் கீழே நன்றி சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோர் செய்ததெல்லாம், சொல்லு, சொல்லு என்று முதுகுக்குப் பின்னால் நின்று தூண்டியதுதான். ஏன் சொல்ல வேண்டும் என்று அவர்கள் விளக்கியதாகத் தெரியவில்லை. பழக்கம் இப்படித்தான் படிகிறது. ஆனால் வாய்க்குப் பழகியது மனத்துக்கும் எட்ட இன்னொன்று வேண்டும்.

அது என்ன என்பதற்கு ஜெஃப்ரி ஃபுரோவும் அவர் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம், நன்றியோடு இரு என்று அவர்கள் உபதேசிக்கவில்லை. மூன்று கேள்விகளை யோசிக்கப் பழக்கினார்கள்: உனக்கு உதவியவர் அதை வேண்டுமென்றே செய்தாரா, அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார், உனக்கு அதனால் என்ன நன்மை. பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி அட்டை எழுத வாய்ப்பு கொடுத்தபோது, இந்தப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதலாக எழுதினார்கள். இரண்டாவது கேள்விதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் இருட்டோடு எழுந்து வருகிறார் என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பது சாதாரண விஷயமல்ல. “நீங்கள் சிறந்தவர்” என்று அச்சடித்த அட்டையில் பிள்ளையின் பங்கு கையெழுத்து மட்டுமே. “பனி கொட்டிய அன்றைக்கு நான் ஓடி வரும்வரை காத்திருந்தீர்களே” என்று எழுத, ஓட்டுநரை ஒருமுறையாவது நின்று பார்த்திருக்க வேண்டும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. அழகான அட்டைக்குப் பரிசு, ஸ்டிக்கர், நட்சத்திரம் என்று இறங்கினால் காரியம் கெடும். 1973இல் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் லெப்பர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் நடத்திய சோதனையில், சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லி வரையவைத்த குழந்தைகள், பின்னால் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். படம் வரைவதற்கே இந்தக் கதி என்றால் அன்புக்கு விலை வைத்தால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இந்த அட்டைக் கொண்டாட்டம் முழுக்க வியாபாரம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஆமாம், வியாபாரம்தான், இன்று நேற்றல்ல. 1847இல் கல்லூரிப் படிப்பை முடித்த எஸ்தர் ஹவ்லண்ட், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அட்டையைப் பார்த்துவிட்டு, மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் பெண்களை அமர்த்தி, ஒருவர் வெட்ட, இன்னொருவர் ஒட்ட என வேலையைப் பிரித்துக்கொடுத்து லேஸ் தாள் அட்டைகளைச் செய்து விற்றார். கையால் செய்த அன்பு என்று நாம் உருகும் லேஸ் அட்டையும் பட்டறைச் சரக்காகவே விற்பனைக்கு வந்தது. மறுபக்கம், அன்னையர் தினத்தை 1908இல் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், பூக்கடைக்காரர்களும் அட்டைக் கம்பெனிகளும் அதைக் கைப்பற்றியதைக் கண்டு கொதித்து, கடைசிவரை அவர்களோடு மல்லுக்கட்டினார். அம்மாவுக்கு எழுதச் சோம்பல்படுகிறவருக்குத்தான் அச்சடித்த அட்டை என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம். ஆனால் அதற்காக அந்த நாளையே ரத்துசெய்யத் தேவையில்லை, கடையில் பெட்டியாக விற்கும் அட்டைகளை வாங்காமல் இருந்தால் போதும்.

நமக்கு இந்த அட்டை வழக்கம் ஒட்டாது, நாம் அன்பைச் செயலில் காட்டுகிறவர்கள், வீட்டுக்குள் நன்றி சொன்னால் அந்நியமாகிவிடும் என்று தமிழ்க் குடும்பங்களில் சொல்வார்கள். பாதி உண்மை. செல்பேசி வருவதற்கு முன் ஜனவரி தோறும் கடை வாசலில் தொங்கிய பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தேர்ந்தெடுத்து, அத்தைக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று விலாசம் எழுதிய தலைமுறை நம்முடையது. அதில் ரஜினியா கமலா என்ற சண்டை வேறு. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போடுவதும் இதே இனம்தான். யாருக்கு, எதற்காக என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. பிள்ளையின் கைக்கும் வேலை இருக்கிறது. வான்கோழிக் கைப்படத்தைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

அந்தச் செயல் மரபுக்கு அருகில் வரும் விளையாட்டு ஒன்று இங்கேயும் உண்டு. பிள்ளைகள் தாளை வெட்டித் தைத்துச் சீட்டுப் புத்தகம் செய்வார்கள்: இந்தச் சீட்டுக்கு ஒரு வேளை பாத்திரம் துலக்கித் தருவேன், இதற்கு அரைமணி நேரம் தம்பியைப் பார்த்துக்கொள்வேன். கொடுப்பவருக்குச் செலவு வைக்கும் பரிசு என்பதால் நான் படித்த யோசனைகளிலேயே இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் பல பெற்றோர் அதைக் கண்கலங்க வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாத்திரச் சீட்டை நீட்டுங்கள்.