பத்தடி முன்னால்

எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வழக்கம். தெருவில் இறங்கினால் என்னைவிடப் பத்தடி முன்னால்தான் நடப்பார். கல்யாணமான புதிதில், ஊரார் பார்க்கிறார்களே என்று கூச்சப்படுகிறார் போலும் என நினைத்தேன். குழந்தைகள் பிறந்த பிறகு, ஆபீஸுக்கு நேரமாகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். 36 வருஷம் ஆன பிறகு, அவர் கால்களே அப்படி வார்க்கப்பட்டவை என்று விட்டுவிட்டேன். "கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா?" என்று நான் கேட்காத நாள் இல்லை. "நீ கொஞ்சம் வேகமாக வரக் கூடாதா?" என்று அவர் திருப்பிக் கேட்காத நாளும் இல்லை.

நாங்கள் 1990-ல் வானகரத்துக்குக் குடி வந்தபோது, "பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்கா போகிறீர்கள்?" என்று உறவினர்கள் பரிதாபப்பட்டார்கள். அப்போது வாசலில் நின்றால் வயல் தெரியும். மழைக்காலத்தில் இரவெல்லாம் தவளைக் கச்சேரிதான். இப்போது கல்யாண மண்டபங்களும், ஆஸ்பத்திரியும், மீன் சந்தையும், ஓயாத லாரிகளுமாக ஊரே மாறிவிட்டது. இத்தனை வருஷத்தில் சுற்றுப்பக்கத்து ஊர்களுக்கு ஏதாவது காரியமாகப் போயிருக்கிறோமே தவிர, சும்மா ஒரு நாள் போனதில்லை.

அவர் ரிடையர் ஆகி ஒரு வருஷம் கழிந்த பிறகு, தை மாதத்தில் ஒரு நாள், "நாளைக்கு எங்கேயாவது போய்வரலாமா?" என்றார்.

"என்ன காரியம்?"

"காரியம் ஒன்றும் இல்லை."

நான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை!

மறுநாள் காலையில் புளிச்சாதமும் வடாமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கட் கிடையாதே, அந்த பஸ் வரும்வரை ஏறமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். அவருக்கு மட்டும் டிக்கட். "குடும்பத் தலைவி ஓசி, தலைவன் காசு" என்று முணுமுணுத்துக்கொண்டே சில்லறை எடுத்தார்.

பூந்தமல்லியில் இறங்கி, வரதராஜப் பெருமாள் கோயிலை நோக்கி நடந்தோம். பூ வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எனக்கு முன்னால் அவரைக் காணோம்! திரும்பிப் பார்த்தேன். பின்னால், ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"விளக்கு என்ன விலை என்று கேட்டேன்" என்றார்.

பித்தளை விளக்கின் விலையை இவர் என்றைக்கு விசாரித்திருக்கிறார்? எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. ராமானுஜரே குருவாக மதித்த மகான். இங்கிருந்து பூ எடுத்துக்கொண்டு காஞ்சிக்குப் போய், வரதனுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தவர். காஞ்சி சுமார் 50 கிலோமீட்டர். வயதாகிக் கால் தளர்ந்ததும், "இனி நீ வர வேண்டாம்" என்று வரதனே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தானாம். நான் சாவகாசமாகக் கதையைச் சொன்னேன். அவர் தூணில் சாய்ந்து, வழக்கத்துக்கு மாறாக முழுவதும் கேட்டார்.

அடுத்து திருமழிசை. தை மகத்தில் ஆழ்வார் அவதரித்த ஊர். ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் கூட்டமில்லை. அந்த ஆழ்வாருக்காகப் பெருமாள் ஊரை விட்டே நடந்திருக்கிறார். காஞ்சியில் ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை அரசன் நாடு கடத்தினான். சீடர் புறப்பட, ஆழ்வாரும் புறப்பட்டார். "நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா" என்று சொல்ல, திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாள் எழுந்து அவர்கள் பின்னாலேயே நடந்தாராம்! அரசன் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் எல்லோரும் திரும்பினார்கள்.

"பார்த்தீர்களா? பெருமாளே பின்னால் நடந்திருக்கிறார். உங்களுக்கு மட்டும் என்ன கௌரவக் குறைச்சல்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆழ்வாரின் திருவடியில் ஒரு கண் உண்டு என்பது ஐதீகம். அதைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது, அவர் மறுபடியும் பின்தங்கினார். இந்தத் தடவை சுவரில் ஒட்டியிருந்த டியூஷன் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கை முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோ வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனோம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று பேப்பரில் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தால் கணக்கெல்லாம் மறந்துவிடுகிறது. 2015 டிசம்பரில், இங்கே திறந்துவிட்ட நீரும் கொட்டிய மழையும் சேர்ந்து அடையாற்றங்கரையில் என் அக்காவின் வீட்டுக்குள் புகுந்தபோது, இந்த ஏரியைச் சபித்திருக்கிறேன். அன்றைக்கு அது தூங்குகிற குழந்தைபோலக் கிடந்தது.

மர நிழலில் சாதத்தைப் பிரித்தேன். தரையில் உட்காரப் போனவர், பாதியில் நின்று, மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"எத்தனை நாளாக?" என்று கேட்டேன்.

"ஆறு மாதம் இருக்கும். மூட்டு தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். காலையில் வாக்கிங் போவதாகச் சொல்லி டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன்." சற்று நிறுத்தினார். "நடக்க முடிகிறபோதே உன்னோடு நாலு இடம் பார்த்துவிடலாம் என்று தோன்றியது."

சாதம் தொண்டையில் இறங்கவில்லை. 36 வருஷமாக அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டேதானே பின்னால் நடந்தேன்? வேகம் தெரிந்தது, வலி தெரியவில்லையே! அவர் மெதுவாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வரம் இப்படியா கிடைக்க வேண்டும்? கோபம் கோபமாக வந்தது. ஆறு மாதம் மறைத்தவர் மேலா, கவனிக்காத என் மேலா என்று தெரியவில்லை. இரண்டு வடாத்தை அவர் இலையில் அதிகமாக வைத்தேன். அதற்குமேல் என்ன செய்ய?

பொழுது சாய வானகரத்தில் இறங்கினோம். வீட்டு நினைவு வந்ததும் என் கால்கள் தாமாகவே விரைந்தன போலிருக்கிறது. பின்னாலிருந்து குரல் வந்தது:

"கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா?"

நின்றேன். இருவருமே சிரித்துவிட்டோம். அப்புறம் வீட்டு வாசல்வரை நான் அவரைவிட ஓரடி பின்னால்தான் நடந்தேன். பழகிய இடமல்லவா?

அடுத்த பயணம் குன்றத்தூருக்கு என்று முடிவாகியிருக்கிறது. முருகன் குன்றின் மேல் இருக்கிறான். அவனுக்குக் கீழிருந்தே ஒரு கும்பிடு. சேக்கிழார் கட்டிய திருநாகேஸ்வரம் தரையிலேயே இருக்கிறது. அது போதும் எங்களுக்கு. ஆனால் முதலில் டாக்டர் வீடு. அங்கேயும் இருவருமாகத்தான் போகிறோம்.