எட்டாயிரம் ரூபாய் பூனைக்குட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. பெர்சியன் பூனை வாங்கலாமான்னு இன்பாக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. என் வீட்டுல நடந்ததை அப்படியே சொல்லிடறேன், முடிவை நீங்களே எடுத்துக்கோங்க.

என் பொண்ணுக்கு ஏழு வயசு. ஒரு வருஷமா பூனை, பூனைன்னு ஒரே நச்சரிப்பு. நாங்க இருக்கிறது தாம்பரம் சானடோரியம் பக்கம். சேலையூர்ல ஒருத்தர் வீட்டுலயே வளர்த்து விக்கிறார்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. பன்னெண்டாயிரம் சொன்னார், எட்டாயிரத்துக்கு இறங்கினார். வெள்ளையில லேசா சாம்பல், சப்பை மூக்கு. உள்ளங்கையில அடங்கிடும். "ரெண்டரை மாசம் சார், ஊசி எல்லாம் போட்டாச்சு"ன்னு கார்டை வாட்ஸப்ல அனுப்பினார்.

அந்தக் கார்டை நான் சரியா பார்க்கல. ஓபியில தினமும் குழந்தைங்க தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பார்த்து, தேதி விட்டுப்போன அம்மாக்களை அதட்டுறவன் நான். இதுல மருந்து பாட்டில் ஸ்டிக்கர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, போட்ட டாக்டரோட பதிவு எண்ணும் இல்ல. வெறும் தேதியும் ஒரு கிறுக்கலும்தான். பொண்ணு அதுக்குள்ள குட்டியை மடியில வச்சிட்டா. ஜிபே பண்ணிட்டேன்.

அது ஞாயித்துக்கிழமை. திங்கட்கிழமை விளையாடும்போது பொண்ணு கையில நகம் பட்டுச்சு. ரத்தம் வரல, ஒரு சிவப்புக் கோடு அவ்வளவுதான். ரத்தம் வராத கீறலும் ரேபிஸ் கணக்குல இரண்டாம் வகைதான், தடுப்பூசி போட்டே ஆகணும். நாய் மட்டும்தான் ரேபிஸ் பரப்பும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பூனையும் பரப்பும். பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னைக்கே எங்க ஆஸ்பத்திரியில முதல் டோஸ் போட்டேன். 0, 3, 7, 28 இதுதான் நாள் கணக்கு. அரசு மருத்துவமனையில இலவசம். பூனை பத்து நாள் நல்லா இருந்துட்டா பயமில்லைன்னு பொண்ணுகிட்ட சொல்லி வச்சேன்.

வியாழக்கிழமை பொண்ணுக்கு ரெண்டாவது ஊசி. அன்னைக்கு ராத்திரி குட்டி மஞ்சளா வாந்தி எடுத்துச்சு. உடம்பு அனலா கொதிச்சுது. "டாக்டர்தானே நீங்க, ஏதாவது குடுங்களேன்"னு மனைவி. ஃப்ரிட்ஜ் மேல பொண்ணோட பாராசிட்டமால் சிரப் இருந்துச்சு. எடைக்கு எத்தனை சொட்டுன்னு மனசுல கணக்கே போட்டுட்டேன். ஏதோ உறுத்த, போன்ல தேடிப் பார்த்தேன். கை நடுங்கிடுச்சு.

இதை மட்டும் தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கோங்க. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நம்ம கல்லீரல் அந்த மருந்தை முறிச்சு வெளியேத்துற வழி பூனைக்கு ரொம்பக் குறைவு. சிவப்பணுக்கள் ஆக்ஸிஜனை சுமக்க முடியாம போய் ரத்தமே பழுப்பாயிடும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பெரிய பூனையைக் கொல்லப் போதும். இதுக்கு மாத்து மருந்து அசிட்டைல்சிஸ்டீன், அளவுக்கு மீறி பாராசிட்டமால் சாப்பிட்டு வர்ற மனுஷங்களுக்கு நாங்க கொடுக்கிற அதே மருந்து. இத்தனையும் படிச்ச நான் அன்னைக்கு சிரப் மூடியைத் திறந்துட்டு நின்னேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு, விடியகாலை ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிச்சு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1903லேர்ந்து இருக்கிற கல்லூரி. கூடையை மடியில வச்சிட்டு பெஞ்சுல உக்காந்தேன். பக்கத்துல ஆட்டுக்குட்டியோட ஒரு பாட்டி, மூச்சு வாங்குற லேப்ரடாரோட ஒரு பையன். உள்ளேர்ந்து ஒரு இளம் டாக்டர் எட்டிப் பார்த்து, "பெர்சியன் அட்டெண்டர் யாரு?"ன்னார். ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் அது நான்னு உறைச்சுது. ரிசல்ட் எப்ப வரும்னு மூணு தடவை கேட்டேன். "வெயிட் பண்ணுங்க சார்"னார். நானும் இதே குரல்லதான் சொல்லுவேன்.

பல்லைப் பார்த்துட்டு, "ரெண்டரை மாசமா? ஆறு வாரம் இருந்தா பெருசு"ன்னார். எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியைக் கடையில விக்கக் கூடாதுன்னு 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளே சொல்லுது. வெள்ளையணு ஐயாயிரத்துக்கு மேல இருக்கணும், இதுக்கு ஆயிரத்தைக்கூட தொடல. பேன்லூக்கோபீனியா. நாய்க்கு வர்ற பார்வோ வைரஸுக்குப் பங்காளி. குடலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒண்ணா அடிக்கும். மனுஷனுக்கு ஒட்டாது, பயப்பட வேண்டாம். தொத்தி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள வெளிய தெரியும். அப்படிப் பார்த்தா சேலையூர்லயே ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ட்ரிப்ஸ், ஆன்டிபயாடிக், வாந்திக்கு ஊசி எல்லாம் போட்டாங்க. வைரஸுக்குன்னு தனி மருந்து இல்ல.

ஞாயித்துக்கிழமை விடியகாலை போயிடுச்சு. வீட்டுல இருந்தது சரியா ஒரு வாரம்.

வித்தவருக்குப் போன் பண்ணேன். "இங்கேர்ந்து போகும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு. இன்னொரு குட்டி இருக்கு, உங்களுக்காக பாதி விலை." கட் பண்ணிட்டேன். அவர்கிட்ட கோபப்பட்டு என்ன, கார்டைப் பார்க்காதது நான்.

இப்பவும் வாங்கணும்னா, தாய்ப்பூனையைக் காட்டச் சொல்லுங்க. ஊசி கார்டுல ஸ்டிக்கரைப் பாருங்க. முதல் ஊசி ஆறு எட்டு வாரத்துல, அப்புறம் நாலு வாரத்துக்கு ஒண்ணா பதினாறு வாரம் வரைக்கும் போகணும். பெர்சியன்ல பரம்பரையா வர்ற சிறுநீரகக் கட்டி நோயும் உண்டு. தாய், தகப்பன்ல ஒண்ணுக்கு இருந்தாலே குட்டிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதையும் கேளுங்க. ஏற்கெனவே இப்படி ஒரு குட்டி செத்த வீடுன்னா சானிடைசர் வேலைக்கு ஆகாது, ப்ளீச்சிங் போட்டுத்தான் துடைக்கணும். அந்த வைரஸ் ஒரு வருஷம்கூட வீட்டுல கிடக்கும். ஊசி முடிக்காத குட்டியை அதுக்குள்ள கொண்டு வராதீங்க.

பத்து நாள் கணக்கு இனி செல்லாது, குட்டியே இல்லையே. ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் பொண்ணுக்கு ஊசி போட்டாச்சு. கடைசி ஊசி அன்னைக்கு விரலை மடக்கி எண்ணிட்டு, "எனக்கு நாலு ஊசிப்பா. அதுக்கு ஒண்ணுகூட போடலையா?"ன்னு கேட்டா.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதேன்னு மட்டும் சொன்னேன்.