குற்றாலத் தண்ணீர்: எப்போது குளிரும், எப்போது மிரட்டும்?

ஜூலை மாதம், காலை ஆறு மணி. இரவெல்லாம் வேனில் வந்த குடும்பம் ஒன்று குற்றாலம் பேரருவிக்கு முன்னால் நிற்கிறது. முகத்தில் சாரல் தெறிக்கிறது. ஏழு வயதுப் பேரன் துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, "ஆச்சி, ஐஸ் தண்ணி மாதிரி இருக்குமே!" என்று பின்வாங்குகிறான்.

"வெளிய நிக்கிற வரைக்கும்தாம்ல குளிரும். உள்ள போயிட்டா வர மனசே வராது" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார் ஆச்சி.

ஆச்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. சாரல் காலத்தில் ஈர உடம்பில் காற்று படும்போது தண்ணீர் ஆவியாகி, உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அருவிக்குள் நிற்பதைவிட, குளித்துவிட்டு வெளியே வந்து நிற்கும்போது பல் அதிகமாகக் கிட்டுகிறது.

அப்படியானால் அருவித் தண்ணீர் குளிர்ச்சி இல்லையா? இருக்கிறது. நம் உடம்பின் வெப்பம் சுமார் 37 டிகிரி. போட்டிகள் நடக்கும் நீச்சல் குளங்களில் தண்ணீரை 25 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். அதுவே இறங்கும்போது சிலிர்க்கும். காரணம், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் நம் சூட்டை உறிஞ்சும். தேங்கிய தண்ணீரில் அசையாமல் நின்றால் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பு உருவாகும். அருவியில் அதற்கு வாய்ப்பே இல்லை. கொட்டுகிற தண்ணீர் அதை நொடிக்கு நொடி கழுவிவிடும். ஆகவே ஒரே அளவு வெப்பம் உள்ள தண்ணீர், தொட்டியில் இதமாகவும் அருவியில் ஜில்லென்றும் இருக்கும்.

மாதத்துக்கு ஒரு முகம்

குற்றாலத்தின் பேரருவி, சிற்றாறு மலையிலிருந்து இறங்குகிற இடம். சுமார் 60 மீட்டர் உயரம். தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் தாங்க முடியாது. நல்லவேளையாக நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழி இருக்கிறது. அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்ட, அதன் மிச்சம் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலாக இந்தப் பக்கம் வரும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். மேகம் மூடிய காட்டுக்குள்ளேயே ஓடி வருவதால் தண்ணீர் சூடாக வழியில்லை. மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அந்த மேட்டுக் குளிர்ச்சியைத்தான் தண்ணீர் சுமந்து வருகிறது. குளியலுக்கும், வழியெங்கும் விற்கும் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களுக்கும் இதுவே நல்ல காலம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகக் குளிக்க வருவதும் இந்தச் சமயத்தில்தான். இந்த மழை சாரல் மாதிரி மென்மையானதல்ல. ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும். அருவி பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுவதும், குளிக்கத் தடை போடுவதும் இந்த மாதங்களில் சகஜம். மார்கழி அதிகாலையில் ஒரு வேடிக்கை உண்டு. காற்று நடுக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாகத் தோன்றும். இரவில் காற்று ஆறுகிற வேகத்தில் தண்ணீர் ஆறுவதில்லை என்பதே காரணம்.

பொங்கல் தாண்டினால் தண்ணீர் மெலியும். மார்ச்சில் பாறையில் நூலாக வழியும். வெயிலில் காய்ந்த பாறை மேல் வருவதால் மதியத்தில் குளிர்ச்சி குறைந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பல நாள் வெறும் பாறைதான். ஆனால் ஏமாந்துவிடக் கூடாத மாதங்களும் இவைதான்.

தலைக்கு மேல் வானத்தை நம்பாதீர்கள்

2024 மே 17. பழைய குற்றாலம் அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. எல்லோரும் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். சீசன் தொடங்கவே இல்லாத கோடை மாதம் அது.

இது எப்படி நடக்கிறது? அருவியில் விழுவது நம் தலைக்கு மேல் பெய்கிற மழை அல்ல. மேலே, மேகத்துக்குள் மறைந்திருக்கும் சரிவுகளில் பெய்கிற மழை. சரிவு செங்குத்து, தூரமும் குறைவு, பாறை தண்ணீரைக் குடிக்காது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை விறுவிறுவென்று வந்து சேர்ந்துவிடும்.

தண்ணீர் அதற்கு முன்பே சில அடையாளங்கள் காட்டக்கூடும். தெளிவாக இருந்தது செம்மண் நிறமாக மாறும். சருகும் குச்சியும் சேர்ந்து விழும். இரைச்சல் கூடும். சின்னக் கற்கள் உருளும். இதில் ஒன்றைப் பார்த்தாலும், சோப்பைத் தேடாமல், செருப்பை எடுக்காமல், பிள்ளைகளோடு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றின் போக்கிலேயே ஓடினால் வெள்ளம் முந்திவிடும். போலீஸார் விசில் அடித்தால் "இன்னும் ஒரே நிமிஷம் சார்" என்று கேட்பதும் வேண்டாம். சில சமயம் எந்த அடையாளமும் காட்டாமலேயே வெள்ளம் வந்துவிடும்.

நீந்தத் தெரிந்தவர்களுக்கு

அருவியின் அடியில் நீந்த ஆசைப்படாதீர்கள். நுரைத்த தண்ணீரில் பாதி காற்று. அது உடம்பை மிதக்க விடாது. குளத்தில் நன்றாக நீந்துகிறவரும் அங்கே அமிழ்ந்துபோவார். ஆற்றுப் பள்ளத்தைத் திருநெல்வேலிப் பக்கம் 'கசம்' என்பார்கள். மேலே அமைதியாகத் தெரியும். அடியில் பாறை இடுக்கும் சுழலும் இருக்கும். ஆழம் தெரியாத கசத்தில் தலைகீழாகக் குதிப்பது கழுத்தெலும்புக்குச் செய்கிற துரோகம். வனத்துறை தடுத்திருக்கும் மேல் அருவிகளுக்குக் குறுக்கு வழியில் ஏறுவதும் அதே ரகம்தான்.

குளிக்கும் முன்...

சட்டென்று தலையைக் கொடுக்காதீர்கள். குளிர்ந்த நீர் திடீரென்று பட்டால் மூச்சு முட்டும், இதயத் துடிப்பு எகிறும். காலில் தொடங்கி, கை, மார்பு, முகம் என்று நனைத்துவிட்டு நுழையுங்கள். இதய நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அருவியின் நடுப்பகுதி வேண்டாம். ஓரமாக, தோளிலும் முதுகிலும் தண்ணீர் விழும்படி நில்லுங்கள். குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். உதடு நீலம் பூத்தால் உடனே வெளியே தூக்கித் துவட்டுங்கள். மது அருந்தியவர் அருவிப் பக்கமே போகக் கூடாது. சூடு ஏறியது போலத் தோன்றினாலும் உண்மையில் உடம்பு வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். பாசிப் பாறையில் காலும் நிற்காது.

ஒரு மணி நேரம் கழித்து அதே குடும்பம் ஈரத் துணிகளோடு டீக்கடை முன்னால் நிற்கிறது. "இன்னொரு தடவ போவோம் ஆச்சி" என்று பேரன் நச்சரிக்கிறான். ஆச்சி டீயை ஊதிக்கொண்டே அருவியைத் திரும்பிப் பார்க்கிறார். வெள்ளையாக இருந்த தண்ணீரில் லேசாகச் செம்மண் கலந்திருக்கிறது.

"இன்னைக்குப் போதும்ல. தண்ணி நெறம் மாறுது. நாளைக்கும் அருவி இங்கதான் இருக்கும்."