மணப்பாட்டில் கோடைத் தூண்டில்

கோடையில் மணப்பாட்டுக் கடல் கொடுப்பதைக் காலை பத்து மணிக்குள் கொடுத்துவிடும். அதற்கு மேலும் வெயிலில் காய்ந்துகொண்டு தூண்டிலைப் பிடித்திருப்பது பிடிவாதம்தான், தொழில் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் மன்னார் வளைகுடாவின் மேல்நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வெயில் ஏற ஏற மீன் கீழே இறங்கிவிடும், இரையை முகர்ந்துகூடப் பார்க்காது. அதனால் வள்ளங்கள் இருட்டிலேயே இறங்குகின்றன.

இந்தப் பருவத்துக்கு வேறொரு வசதியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். இழுவைமடி இல்லாத கடலில் நாட்டுப்படகுகள் மட்டும் தொழில் செய்யும். சந்தையில் வரத்துக் குறைவதால் தூண்டில் மீனுக்கு மவுசு ஏறும். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று வாங்கும் சீலா, வலையில் நசுங்கி வந்தால் ஒரு விலை, முள்ளில் ஏறி அப்போதே ஐஸில் படுத்தால் வேறு விலை.

இதே நாட்களில்தான் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் வருகிறார்கள். வடக்கே தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அவற்றை நெருங்கக் கூடாது. திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே மணப்பாட்டுக்கு வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அப்படி வந்த மூன்று இளைஞர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். சனிக்கிழமைதான் கிடைத்தது. ஞாயிறும் வேண்டும் என்று அவர்கள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். கத்தோலிக்க ஊர், ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. வாடகையைக் கூட்டித் தருகிறோம் என்று சொன்னதற்குப் படகுக்காரர் பதிலே சொல்லவில்லை.

அவருக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியிழை வள்ளம், துணைக்கு அண்ணன் மகன். இளைஞர்களிடம் கார்பன் கழிகள், பெரிய ரீல்கள், நீர்ப்பரப்பைக் குத்திச் சத்தம் எழுப்பும் பாப்பர்கள், ஆழத்தில் துள்ளும் ஈய ஜிக்குகள். அவரிடம் ஒரு கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஒரு ஈயக்குண்டு, முள், கணவாய்த் துண்டு. விரலில் நரம்பு அறுக்காமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தார். ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அன்று நாங்கள் நின்றது பதினெட்டுப் பாகத்தில்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்த விதத்தைப் பார்க்க வேண்டும். கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்கிறார்கள். மீன் அங்கேதான் கூடும். மேலே தண்ணீரில் எந்த அடையாளமும் கிடையாது. கரையில் உயரமாக இருக்கும் இரண்டு பொருள்கள் ஒரே நேர்கோட்டில் வரும்வரை வள்ளத்தை ஓட்டுகிறார். பிறகு வேறு திசையில் இன்னொரு ஜோடி ஒட்டும்வரை அதே கோட்டில் நகர்கிறார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார் இருக்கிறது. இதற்குக் கணியம் என்று பெயர். குன்றின் மேல் 1581இல் கட்டிய சிலுவைக் கோயில், கலங்கரை விளக்கம், தொலைவில் திருச்செந்தூர்க் கோபுரம், தெளிந்த காலையில் மேற்கு மலை என்று இங்கே அடையாளங்களுக்குக் குறைவில்லை. எது எதோடு ஒட்ட வேண்டும் என்பதை நான் எழுதப்போவதில்லை.

பாரைக் கண்டதோடு வேலை முடிவதில்லை. ஈயக்குண்டை இறக்கி, நரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து நீவாட்டைக் கணித்தார். நீரோட்டத்துக்கு மேற்புறம் தள்ளி நங்கூரம் போட்டார். அப்போதுதான் இரை மிதந்துபோய்ப் பார் மேல் விழும். இளைஞர்கள் கழியை நீட்டுவதற்கு முன்பே முக்கால் வேலை முடிந்திருந்தது.

முதலில் பாப்பரில் ஒரு பாறை மீன் ஏறியது. ரீல் அலறியது, மூவரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டபோது அது வாலை அடித்துக்கொண்டு நேராகக் கீழே போனது. மேல்நீரில் பிடித்த பாறை பிழைத்துக்கொள்ளும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்து ஜிக்கில் வந்தது கலவா. அடியிலிருந்து வேகமாக ஏறியதால் உடம்புக்குள் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய் வழியே பிதுங்கியிருந்தது. அதையும் விட்டார்கள். மல்லாந்து மிதந்தது.

"தம்பி, இது இனி கீழ போவாது. கடல் காக்காதான் கொத்தும்" என்று சொல்லிக் கைவலையால் அள்ளி ஐஸ் பெட்டியில் போட்டார் படகுக்காரர். இளைஞர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னைக் கேட்டால் அவர் செய்ததே சரி. ஆழப் பாரில் கலவாவைத் தேடிப்போய்ப் பிடித்து விட்டுவிடுவதை அகிம்சை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வரும் வழியில் கள்ளக்கடலைப் பற்றிப் பேச்சு வந்தது. காற்றே இல்லாத ஏப்ரல், மே நாட்களில் திடீரென்று அலை எழும்பிக் கரையை அடிக்கும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வீசிய புயலின் அலை அது. இப்போது அதற்குக் கைப்பேசியில் எச்சரிக்கை வந்துவிடுகிறது, அன்றைக்கு வள்ளம் தள்ள மாட்டார்கள். கச்சான் காற்று பலத்துவிட்டால் வெளியூர்த் தூண்டில்காரர்களின் பருவமும் முடிந்தது.

அவரை உறுத்துவது கடல் இல்லை, கைப்பேசி. போன கோடையில் வந்த ஒருவர் பார் மேல் நின்ற இடத்தைச் சத்தமில்லாமல் குறித்துக்கொண்டு போய், நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். வேறு படகுகள் நேராக அங்கேயே வந்து நின்றன. கலவா ஓரிடத்து மீன், மெதுவாக வளர்வது. பல வகைகளில் பெட்டையாகப் பிறந்து பெரிதான பிறகே கடுவனாக மாறும். பெரியவற்றை வரிசையாகத் தூக்கிவிட்டால் சின்னப் பார் ஒன்று எழும்ப வருடக்கணக்கில் ஆகும். மீனைத் திருப்பி விடுகிறவர்கள் இடத்தைக் கொண்டுபோய்விடுகிறார்கள். அவரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது, அண்ணன் மகன்தான் இயக்குகிறான். ஆனால் அதில் ஏற்றிய பார்கள் அவர் அப்பா காட்டிக்கொடுத்தவை.

அதனால் இப்போது வாடகை பேசும்போதே சொல்லிவிடுகிறார்: பாருக்குப் போகும்போது கைப்பேசிகளை அணைத்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். படம் எடுக்காமல் எப்படி என்று இளைஞர்கள் முதலில் முரண்டினார்கள். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. மீனைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து வள்ளத்தைப் பாரைவிட்டுத் தள்ளி ஓட்டிய பிறகே டப்பா திறக்கும். பாறை மீனோடு நிற்கிற அந்தப் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். கரையோ கோயிலோ வராமல், கிழக்கே வெறும் கடலை மட்டும் பின்னால் வைத்து எடுத்தது. எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று சொன்னதும் படகுக்காரர்தான்.