தெமோதரை வளைவு

1924 இல் பதுளையை எட்டிய மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் தெமோதரை ஓர் அதிசயம். நிலையத்தை நீங்கும் தண்டவாளம், குன்றினைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் புகுகின்றது.

2003 இல், பேராதனையிற் பயின்ற காலத்தில், அவ்வழியே பதுளைக்குச் சென்றோம். எதிரே அமர்ந்திருந்த எழில் நங்கையொருத்தி, குளிருக்குச் சால்வையைப் போர்த்தியவாறு, தன் கச்சான் சுருளை எம்மிடம் நீட்டினாள். பேச எமக்கு நா எழவில்லை. தெமோதரையில் அவள் இறங்கினாள்.

வண்டி சுற்றிக் கீழே வந்தபோது அண்ணாந்து நோக்கினோம். அவள் போகவில்லை! நிலைய ஓரத்தில் நின்று கையசைத்தாள். மறுகணம் சுரங்க இருள் சூழ்ந்தது.

வண்டி அவ்வழி வருமென அறிந்தே காத்திருந்தாள் போலும். அவள் பெயரை இன்றும் அறியோம். பிரிந்த முகத்தை மறுமுறை காட்டும் பாதை அது. வாழ்க்கைப் பாதை அங்ஙனம் வளைவதில்லை.