கழற்றி எறியப்படும் காவலன்

பட்டறைகளின் பின்புறத்தில் பழைய இரும்புக் குவியல் ஒன்று இருக்கும். தேய்ந்த பிரேக் கட்டைகள், அறுந்த பெல்ட்டுகள், எண்ணெய் வடிகட்டிகள் ஆகியவற்றுக்கிடையே உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு உலோக வட்டுகள் சில கிடக்கும். பழுதானவையும் உண்டு, பழுதே இல்லாமல் எறியப்பட்டவையும் உண்டு. தெர்மோஸ்டாட் என்பது அவற்றின் பெயர்.

மலேசியாவில் பழைய கார் வைத்திருப்போர்க்குப் பின்வரும் உரையாடல் புதிதன்று.

"அண்ணே, இது குளிர் நாட்டுக்காரனுக்காகச் செஞ்சது. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு? கழட்டிப் போட்டுட்டா எஞ்சின் சூடே ஏறாது."

"நீயே பாத்துச் செய் தம்பி."

வாங்கவேண்டிய உருப்படி ஒன்று குறைகிறது, கட்டணமும் குறைகிறது. இருவரும் மனநிறைவோடு பிரிகின்றனர். அந்த மனநிறைவுக்கான விலையை எஞ்சின் பின்னர்ச் செலுத்துகிறது.

கேட்பதற்கு இவ்வாதம் நியாயமாகவே தோன்றும். ஆயினும், வெயிலின் சூட்டையும் எஞ்சினின் சூட்டையும் ஒன்றாகக் கருதியதால் எழுந்த வாதம் அது. கோலாலம்பூரின் நண்பகல் வெப்பம் 33 அல்லது 34 பாகை செல்சியஸ். எஞ்சின் தன் தொழிலைச் செவ்வனே செய்வதற்கு வேண்டுவதோ ஏறத்தாழ 90 பாகை. வெப்ப நாட்டில் எஞ்சின் அந்நிலையைச் சற்று விரைவில் எட்டும்; அவ்வளவே. எட்டவேண்டிய நிலை எந்த நாட்டிலும் மாறுவதில்லை.

இக்கருவியின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. உள்ளே ஒரு சிறு உலோகச் சிமிழ், சிமிழுக்குள் மெழுகு. 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கிய அமைப்பு இது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு இறுகியிருக்கும். சுருள்வில் வால்வை மூடி வைத்திருக்கும். நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். 82 பாகை என்றோ 88 பாகை என்றோ கருவியின்மேல் பொறித்திருக்கும் வெப்பத்தை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். சூடு தணிந்தால் வில் மீண்டும் மூடும். மின்சாரமும் வேண்டா, ஆள் துணையும் வேண்டா.

இக்காவலனை நீக்கிவிட்டால் என்ன நேரும்? நீர் ஓயாமல் ரேடியேட்டருக்கு ஓடும். எஞ்சின் உரிய சூட்டை எட்ட நெடுநேரம் பிடிக்கும். அல்லது எட்டாமலே ஓடும். எரிதலில் பிறக்கும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயில் கலந்து அதைச் சேறாக்கும். கணினி வழியாகப் பெட்ரோல் ஊட்டும் கார்களில், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதிக் கணினி கூடுதலாகவே ஊட்டும். பட்டறையில் மிச்சப்பட்ட சில பத்து ரிங்கிட் பெட்ரோல் நிலையத்தில் சிறுகச் சிறுகக் கரையும்.

இதனினும் விந்தை ஒன்று உண்டு. சில எஞ்சின்களில் வால்வு திறக்கும்போதே உட்சுற்றுப் பாதையையும் அதுவே அடைக்கும். கருவியைக் கழற்றினால் அப்பாதை அடைபடாது. சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே மறுபடியும் எஞ்சினுக்குள் நுழையும். சமவெளியில் இது தெரியாமற் போகலாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு, வளைவுக்குமேல் வளைவாக ஏறும் பாதையில், நான்கைந்து பேரும் மூட்டைமுடிச்சுகளும் ஏறியிருக்கும்போது தெரிந்துவிடும். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும். ஹெட் கேஸ்கட் எரியும். சிலிண்டர் தலைப்பகுதி வளையும். காரையே பிழைப்பாகக் கொண்ட வாடகைக் கார் ஓட்டுநருக்கு அது பழுது மட்டுமன்று, பல நாள் வருமானம்.

மெக்கானிக்கை முற்றாகக் குறைசொல்வதும் முறையன்று. மூடியபடியே இறுகிப்போன தெர்மோஸ்டாட் எஞ்சினைக் கொல்லும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். நடுவழியில் அதைக் கழற்றி வீடுவரை வந்து சேர்வது அறிவுடைமையே. வீடு வந்தபின்னும் புதியது பொருத்தாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதுதான் குற்றம்.

மாற்றுவது பெரிய வேலையன்று. எஞ்சின் நன்றாக ஆறியபின்பே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டும். சூட்டில் திறந்தவர்களின் கைத்தழும்புகள் இதற்குச் சாட்சி. நீரை ஓரளவு வடித்து, கருவி இருக்கும் உறையின் திருகுகளைக் கழற்றி, பழைய கேஸ்கட்டின் துணுக்குகளைச் சுரண்டித் துடைக்கவேண்டும். இதில் சோம்பினால் பிறகு கசியும். வடித்த குளிர்நீரைத் தரையில் விடலாகாது. அதிலுள்ள கிளைக்கால் இனிக்கும் நஞ்சு, நாய்பூனைகள் நக்கிவிடும்.

புதியதைப் பொருத்துமுன் சோதித்துவிடுவது நல்லது. சமையலறைப் பாத்திரத்தை எடுத்தால் வீட்டில் ஏச்சுக் கிடைக்கும். காலியான மைலோ டின் ஒன்று போதும். நீர் நிரப்பி, கருவியை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்றினால், கொதிநிலைக்கு முன்பே வால்வு மெல்ல வாய்திறக்கும். பொருத்தும்போது மெழுகுச் சிமிழ் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கியிருக்கவேண்டும். காற்று வெளியேறும் சிறு துளை இருப்பின் அது மேற்புறம் நிற்கவேண்டும். குழாய் நீருக்குப் பதில் துருத்தடுக்கும் கூலண்டை ஊற்றி, காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓடவிடலாம். பழைய கார்கள் பலவற்றில் ரேடியேட்டரின் மேற்குழாய் முதற் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருக்கும். பிறகு சட்டென்று சுடும்.